காசியம்மாளின் ஆணி

வருகிறவர்களின் முகத்தைக் காசியம்மாள் பார்ப்பதில்லை. காலைப் பார்க்கிறார். "எட்டாம் நம்பரு, எடது குதிகால் தேஞ்சிருக்கு. வைங்க" என்று தகர டோக்கனை நீட்டிவிடுகிறார். கிரிவலம் போகிறவர்கள் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வரும்வரை அவர்களுடைய செருப்புகளுக்குத் தேரடித் தெருவில் இவர்தான் பொறுப்பு. இருநூறு டோக்கன்களில் இதுவரை ஒரு ஜோடிகூட மாறியதில்லையாம். "மாறிடுச்சின்னு எவனாவது வந்தா, அவன் கால்தான் மாறியிருக்கும்."

இவருக்குத் தேதி, மாதம் எல்லாம் கிடையாது; எல்லாம் பௌர்ணமிக் கணக்கு. ஆட்டோ ஓட்டும் கணவர் சகாதேவன் கால் உடைந்து "நாலு பௌர்ணமி வூட்ல கெடந்தாரு". ஒன்பது வருடங்களுக்கு முன் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னபோது, ஓய்வெடுத்தால் ஒரு பௌர்ணமி போய்விடும் என்று மறுத்து, காப்பர்-டி போட்டுக்கொண்டு வந்தார்.

கடைக் கம்பத்தில் ஓர் ஆணி இருக்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போகத் தொடங்கியபோது செங்கம் ரோட்டுக் கிளினிக்கில் நர்ஸ் கவிநிலா, "ஒரு வருசம் சுத்தமா வராம இருந்தா முடிஞ்சிச்சின்னு அர்த்தம்கா. அப்ப காப்பர்-டியை எடுத்துடலாம்" என்றார். அன்றிலிருந்து, விலக்கில்லாமல் கழிந்த ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஆணியில் ஒரு டோக்கன் ஏறியது. நடுவில் வந்துவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து. இரண்டு முறை ஐந்தில் கவிழ்ந்தார், ஒரு முறை ஏழில். கடைசியாகப் பன்னிரண்டு ஏறியது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

"ஆதார்ல நாப்பத்தெட்டுதான் போட்டிருக்கு. அம்பது ஆவலன்னா ரெண்டு வருசம் பாக்கணுமே" என்றார் கவிநிலா.

"அது பள்ளிக்கூடத்துல வாத்தியார் கொறச்சிப் போட்டதும்மா. நெஜத்துல அம்பது முடிஞ்சி போச்சி."

"சரி, கர்ப்பப்பை ஆதார் கார்டெல்லாம் பாக்காது. நெஜ வயசையே வச்சிக்குவோம். ஆனா பன்னெண்டு பௌர்ணமி சேர்ந்தா ஒரு வருசம் ஆவாதுக்கா. இன்னும் பதினொரு நாள் பாக்கி."

பதினொரு நாளைக்காகப் பட்டுப்புடவையைத் திரும்பவும் மடித்து வைக்க வேண்டியதாயிற்று. ஒன்பதாம் நாளே விலக்கு வந்துவிட்டது. "சும்மா வரல, தேர் வர்ற மாதிரி வந்துச்சி" என்கிறார். பதினைந்து நாள் நிற்கவில்லை. அடுத்த பௌர்ணமியன்று கடையிலேயே மயங்கிச் செருப்புகளின் மேல் சாய்ந்தார். கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "எம்பத்தி மூணு கலைஞ்சிடுச்சா?"

ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கியிருந்தது. ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையின் உள்சவ்வையும் சோதித்த டாக்டர், கெட்டது எதுவும் இல்லை என்றார். ஆனால் இப்படியே போனால் கார்த்திகை தீபத்துக்குக் கடையில் உட்கார முடியாது. தீபத்தன்று ஆள் இல்லாத இடத்தில் வேறொருவர் கயிறு கட்டி இடம் பிடித்துவிட்டால் பிடித்ததுதான். பக்கத்துக் கடை மணிவேல், "நீ ரெஸ்ட் எடு அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு முறை அன்பாகச் சொல்லிவிட்டார். "அவன் ஒரு தடவை சொன்னா அன்பு. ரெண்டு தடவை சொன்னா எடத்தை அளக்குறான்."

காப்பர்-டியை எடுத்துவிட்டு ஹார்மோன் உள்ள சாதனத்தை வைக்கலாம் என்பது டாக்டரின் யோசனை. காசியம்மாள் சும்மா ஒப்புக்கொள்கிற ஆளா? பத்து நாள் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார், அதுவும் தெருவுக்கே கேட்கும் குரலில். பேச்சு தொடங்கியதும் சகாதேவன் எழுந்துபோய் ஆட்டோ டயரில் காற்று பார்ப்பார். அந்தப் பத்து நாளில் திருவண்ணாமலையிலேயே காற்று சரியாக இருந்த ஒரே ஆட்டோ அவருடையதுதான்.

"காப்பர்-டி தோல் செருப்பு மாதிரி. மருந்து கெடயாது, மாயம் கெடயாது. வருசக்கணக்குல ஒழைக்கும். ஆனா கடிக்கும், ரத்தப்போக்கு ஜாஸ்தி. இன்னொண்ணு மெத்துனு இருக்கும். ரத்தப்போக்கைக் கம்மி பண்ணும். விலக்கு நின்ன பின்னாடி ஒடம்பு கொதிக்குதுன்னு ஹார்மோன் மாத்திரை குடுத்தாக்கூட உள்சவ்வு தடிக்காம பாத்துக்குமாம்." செருப்பை நீட்டிய கோவை ஆசாமி ஒருவர் டோக்கன்கூட வாங்காமல் மலையைப் பார்த்து நடந்தார்.

எல்லாம் பொருந்தியும் ஒன்று உறுத்தியது. கவிநிலாவிடமே கேட்டார்: "அதை வச்சா விலக்கு நின்னாலும் நின்னுடும்ங்கற. அப்ப நெஜமாவே முடிஞ்சி நின்னுதா, அது நிறுத்திச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுக்கா. ஆணிக் கணக்கு செல்லாது. அம்பத்தஞ்சு வயசு வரைக்கும் அப்படியே இருக்கட்டும், அப்பறம் எடுத்துக்கலாம்."

"பன்னெண்டு வரைக்கும் ஏத்துனேன்டி பாப்பா!"

"ஏத்துனது பெரிசில்லக்கா. தீபத்துக்கு எந்திரிச்சி நிக்கணுமா, வேணாமா?"

ஆவணியில் வைத்துக்கொண்டார். இரும்புச்சத்து மாத்திரையையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினார். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக வரும் என்று கவிநிலா சொல்லியிருந்தும், "பஞ்சாயத்துக் கொழாய் மாதிரி ஒழுவுது" என்று வாரம் ஒருமுறை போனில் புகார் போனது. ஆணியை மட்டும் விடவில்லை. சொட்டு வந்த புரட்டாசிக்கு ஒரு டோக்கனைத் தலைகீழாக மாட்டினார். அது அரைக் கணக்காம். ஒன்றும் வராத ஐப்பசிக்கு ஒன்றை நேராக மாட்டினார். செல்லாத கணக்கு எதற்கு என்று சகாதேவன் கேட்டதற்கு, "உங்க டயர்ல காத்து இருக்குதா பாருங்க" என்று பதில் வந்தது.

தீபத்தன்று விடியற்காலையிலேயே கடை போட்டாயிற்று. மயக்கம் இல்லை, நடுவில் எழுந்து ஓடவும் இல்லை. மணிவேல் மூன்று முறை எட்டிப் பார்த்தார். மூன்று முறையும் காசியம்மாள் நின்றுகொண்டுதான் இருந்தார். பதினொரு மணிக்கெல்லாம் டோக்கன் தீர்ந்துவிட்டது. அப்போது ஆரணியிலிருந்து ஒரு தம்பதி வந்து, இரண்டு ஜோடிச் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"டோக்கன் இல்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தவர், கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலைகீழாகத் தொங்கியதையும் நேராகத் தொங்கியதையும் கழற்றி, முந்தானையில் தூசி துடைத்து, ஆளுக்கொன்றாக நீட்டினார். காலியான ஆணியில் தன் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு, அடுத்து வந்த காலைப் பார்த்தார்.