சிவப்புத் துவாயும் ஆலாவும்

ஆலா என்று நான் கொண்டுபோய்க் கொடுத்த பிலிம்களையெல்லாம் கழுவி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, நகரத்து ஸ்ரூடியோக்காரர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

“டீச்சர், இது ஆலாவோ, காகமோ?”

அவரில் குற்றமில்லை. வெள்ளை வயிறும் சாம்பல் செட்டையுமாகக் கடலுக்கு மேலே வட்டமிடும் அந்தப் பெரிய பறவை என் கமெராவில் எப்போதும் கறுப்புப் புள்ளியாகத்தான் விழுந்தது. யாரோ பாவித்துவிட்டு விற்ற கமெரா அது. தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் வசதியெல்லாம் அதில் இல்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். அடையாள அட்டைக்காக எடுத்ததைத் தவிர அவருக்கும் அம்மாவுக்கும் வேறு படம் கிடையாது. படிப்பித்துச் சம்பளம் எடுக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் பஸ் ஏறிப் பறவை பார்க்கப் போகிறாள் என்று சொல்ல அம்மாவுக்கு வெட்கம். “பள்ளிக்கூட அலுவலாப் போறாள்” என்று அயலில் சொல்லி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்திலோ, “உங்கட குருவிகளுக்குக் கலியாணமே, படம் எடுக்கப் போறீங்கள்?” என்பார்கள். நானும் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். கூட வா என்று ஒருவரையும் கேட்டதில்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. கடைகளில் பிலிம் இல்லை. இனி எப்போது வருமென்று கடைக்காரர்களுக்கே தெரியாது. என் கமெராவுக்குள் மிஞ்சியிருந்தது ஒரேயொரு படத்துக்கான இடம். அதில் ஆலாவை ஆலாவாக எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இறக்கக்கண்டிக் கரையில் கரைவலை இழுக்கும்போது, வீசியெறியும் சின்ன மீனுக்காக ஆலா தலைக்கு மேலே தாழ இறங்குவதைப் பார்த்து வைத்திருந்தேன். அன்று காலையே போய், கரையில் உயரமாயிருந்த ஒரு மணல் திட்டியில் ஏறி நின்றேன். வலையை ஏற்றிக்கொண்டு தோணி கடலுக்குள் போயிருந்தது. காற்று மணலை அள்ளி அடித்தது. கமெராவைச் சுற்றியிருந்த சிவப்புத் துவாயை எடுத்து, மண் போகுமட்டும் இரண்டு கையாலும் பலமாக உதறினேன்.

தோணி சட்டென்று என் பக்கம் திரும்பியது.

தெற்கே, தென்னைகளுக்குக் கிட்ட, ஒரு ஆள் துணியை விசுக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவதை அப்போதுதான் கண்டேன். மீன் கூட்டம் போகிற பக்கத்தைக் கரையில் நின்று துணியால் காட்டுகிறவர் அவர். தோணியில் இருந்தவர்களின் கண்ணில் பட்டதோ என் துவாய். அவருடைய சத்தத்தைக் காற்று தின்றுவிட்டது. நான் துவாயைச் சுருட்டிச் சாரிக்குள் மறைத்துக்கொண்டேன். அதற்குள் வலை கடலில் இறங்கிவிட்டது.

ஆட்கள் நெடுநேரம் இழுத்தார்கள். வலையின் மடி கரைக்கு வந்தபோது அதற்குள் தொட்டால் அரிக்கும் சொறிமீனும் பாசியும் விரல் நீளத்தில் கொஞ்சம் பொடி மீனும்தான் கிடந்தன.

தோணியில் சுக்கான் பிடித்திருந்த பெரியவர் இறங்கி வந்தார். “அங்கால நிண்டவன் எங்கட ஆள். இங்க நிண்டு துணி விசுக்கினது ஆர்?”

“நான்தான். மண் உதறினனான்.”

“மண் உதறினவவாம்!” என்றான் கயிறு பிடித்திருந்த ஒருவன். “உதறின மண் முழுக்க எங்கட சோத்துக்க விழுந்திட்டு.”

இரண்டொருவர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. “என்னத்துக்கு வந்தனீங்கள், தங்கச்சி?”

“ஆலாவைப் படம் எடுக்க.”

“ஆலாவையோ?” என்றார்.

யாரோ ஒரு பிடி பொடி மீனை அள்ளிக் கோபத்தோடு கடலுக்குள் எறிந்தான். உடனே ஆலா வந்து ஒன்றைக் காலால் பிடித்துக்கொண்டு எழுந்தது. நான் அதுவரை பார்க்காத அளவு தாழ்வாக, செட்டைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு, அந்த மனிதர்களின் தலைகளுக்குச் சற்று மேலாக. அந்த நேரத்தில் கமெராவைத் தூக்கினால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தூக்கினேன். அமத்தினேன்.

“எடுத்திட்டீங்களோ?” என்றார் பெரியவர்.

“ஓம்.”

“அப்ப போங்கோ. இனி வலை போடுற நேரம் இந்தப் பக்கம் வராதேங்கோ.”

றோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, கரையில் அவர்கள் வலையை விரித்துச் சொறியைப் பொறுக்கி எறிவது தெரிந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்ரூடியோக்காரர் அந்தத் தடவை காகமோ என்று கேட்கவில்லை. “ஆலாதான்!” என்றார். காலில் பிடித்திருந்த மீன்கூடத் தெரிந்தது. “கீழ நிக்கிற ஆக்களை வெட்டிவிடட்டோ, டீச்சர்? ஆலா மட்டும் நிண்டா வடிவாயிருக்கும்.”

கீழே கயிறும் கையுமாக அவர்கள் நின்றார்கள். ஆலாவை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அத்தனை பேரும் நேரே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வேண்டாம். இருக்கட்டும்” என்றேன்.

வீட்டில் அம்மா படத்தை வாசலடி வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “இவை ஆர்? ஏன் உன்னை இப்பிடிப் பாக்கினம்?”

“மேல இருக்கிற ஆலாவைப் பாருங்கோ, அம்மா.”

“பாத்தனான்” என்று சொல்லிப் படத்தை என்னிடம் தந்துவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போனார்.