வடமுகத்தை விட்டுப் போன புர்கி

புர்கி ஊரை விட்டுப் போனது டிசம்பர் எட்டாம் தேதி, அமலோற்பவ மாதா திருநாளன்று. எங்கள் மலையூர் லானெக்கில் அந்த நாளில் யாரும் எங்கும் போக மாட்டார்கள். அன்றுதான் சறுக்குகிறவர்களை நாற்காலிகளில் மலை மேலே தூக்கிப் போகும் லிஃப்ட் ஓடத் தொடங்கும். பாதிரியார் முதல் நாற்காலியின் மேல் தீர்த்தம் தெளிப்பார். பனிச்சறுக்குப் பள்ளிக் குழந்தைகள் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். புர்கி அந்த நாற்காலியில் ஏறி மேலே போய், பருவத்தின் முதல் ஆளாக, மலையின் செங்குத்தான வடக்குச் சரிவான வடமுகத்தில் சறுக்கி இறங்குவாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அன்று நாற்காலி காலியாக மேலே போனது.

லிஃப்டை ஓட்டுகிறவன் அவளுடைய அண்ணன் வீகில். பொத்தானை அழுத்திவிட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"புர்கிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் பாதிரியார்.

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு சாமி. காலையில முதல் பஸ்ல ஏறிப் போயிட்டா. பலகையைக்கூட எடுத்துக்கல."

எங்களைத் தூக்கிவாரிப்போட்டது அந்தக் கடைசி வார்த்தைதான். ஒருத்தி ஊரை விட்டுப் போகலாம், வீட்டை விட்டுப் போகலாம். சறுக்குப் பலகையை விட்டுவிட்டு புர்கி போனாள் என்றால் எப்படி நம்புவது? குழந்தைகளில் ஒன்று அழ ஆரம்பித்தது. பாதிரியார் தீர்த்தச் செம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

முழுப்பெயர் நோட்புர்கா. நாற்பத்திரண்டு வயது. கோடையில் ஊர் விடுதியின் அடுப்படியில் பாலாடைக்கட்டி உருண்டை பொரிப்பாள். பனிக்காலத்தில் குழந்தைகளுக்குச் சறுக்கக் கற்றுத் தருவாள். தோள்பட்டை எலும்பு முறிந்து இன்ஸ்ப்ரூக் ஆஸ்பத்திரியில் படுத்த சில நாட்களைத் தவிர, இந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியே அவள் தூங்கியதே இல்லை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "வர்றவன் வடமுகத்தில இறங்கிக் காட்டட்டும்னு சொன்னேன். ரெண்டு பேர் விழுந்தாங்க. மூணாவது ஆள் மேல ஏறிப் பார்த்துட்டு லிஃப்ட்லயே திரும்பி வந்துட்டான்" என்பாள்.

வேறெந்த மலையையும் பார்க்காதவளிடம்தான் எல்லா மலைகளும் தீர்ப்புக்கு வரும். யார் வெளியூர்ப் பனியில் சறுக்கிவிட்டு வந்தாலும் விடுதியில் கணப்பு அடுப்பை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து அவளுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். அவள் அந்த மலையை ரெண்டே வார்த்தையில் கவிழ்த்துப்போடுவாள். மேசை சிரிக்கும். அதற்காகவே சிலர் வெளியூர் போய் வருவார்கள்.

நான் நாலு வருடம் பனியைத் துரத்திக்கொண்டு சுற்றிவிட்டு, அவள் போவதற்கு முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தேன். மூட்டையை வைத்ததும் மேசைக்கு இழுத்துப் போனார்கள்.

"வாடி ரோமி, ஊர் சுத்தி. ஜப்பான்ல ஆரம்பி," என்றாள் புர்கி.

"இடுப்பு வரைக்கும் பனி. பொடிப் பொடியா, அவ்வளவு லேசு. சறுக்கினா சத்தமே வராது."

"சத்தம் போடாத பனியா? தலையணைக்குள்ள அடைக்கலாம். அடுத்தது."

"சிலி. மலை பெருசு, ஒரு மரம் கிடையாது. காத்து அடிச்சு அடிச்சு மேல்பனி ஓடு மாதிரி இறுகிடும். காலையில பல்லு ஆடும், மத்தியானம் வெண்ணெய் மாதிரி வழுக்கும்."

"பாதி நாள் காத்திருந்து சறுக்கறதுக்குப் பேர் சறுக்கலா? பல்வலி."

"பிரான்ஸ்ல ஒரு ஊரு. நூறு லிஃப்ட். பனி நல்ல பனிதான், ஆனா ஒன்பது மணிக்கே அத்தனை பேரும் உழுது தள்ளிடறாங்க."

"அப்ப உருளைக்கிழங்கு நடலாம்," என்று வீகில் முந்திக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம். புர்கி சிரிக்கவில்லை. கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"அங்கெல்லாம் மலை சொல்லிட்டு வருதா, சொல்லாம வருதா?"

என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "எது வர்றது?" என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். மறுநாள் காலை ஆளே இல்லை.

நாற்காலி காலியாகப் போன அன்று மாலை வீகிலைப் பிடித்துக்கொண்டேன். "நான் இல்லாதப்ப அவளுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. போன பிப்ரவரியில வடமுகம் ஒரு தும்மு தும்மிச்சு. அவ்வளவுதான்."

ஆள் சாகாத பனிச்சரிவை எங்கள் ஊரில் பனிச்சரிவு என்று சொல்வதில்லை. மலை தும்மியது என்போம். சரிந்த பனிக்குள் மாட்டி வெளியே வந்தவர் அன்றைக்கே, தோண்டி எடுத்தவர்களுக்குத் தன் கையால் பழச்சாராயம் ஊற்றிக் கொடுக்க வேண்டும். குடித்து முடித்ததும் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. வாய் திறந்தால் பயந்தாங்கொள்ளி.

"உள்ள இருந்தது யாரு?"

"புர்கிதான். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் இருந்திருப்பா. நல்லா ஊத்தினாளே எல்லாருக்கும். பாட்டுகூடப் பாடினா."

"அப்ப குழந்தைங்க எங்க இருந்தாங்க?"

"மேல விளிம்புல. இவதான் முதல்ல இறங்கினா. 'இது என் வீட்டு முற்றம், அசையாது, நான் கையைத் தூக்கினதும் ஒவ்வொருத்தரா என் பின்னாடி வாங்க'ன்னு சொல்லிட்டு இறங்கினா. கையைத் தூக்கறதுக்குள்ள தும்மிடுச்சு."

அவன் இதைப் பால் பொங்கி வழிந்த கதை போலச் சொன்னான். அவள் ஒரு நிமிடம் முந்திக் கையைத் தூக்கியிருந்தால்? பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை அதே மேசையில் அவளோடு தினமும் உட்கார்ந்த ஊர். ஒருவர்கூட அவளிடம் கேட்கவில்லை.

புர்கி இருக்கும் இடம் ஜனவரியில்தான் தெரிந்தது. அண்ணனுக்கு முகவரி மட்டும் அனுப்பியிருந்தாள். நெதர்லாந்து. "அங்க மலையே கிடையாதே," என்று வீகில் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் ரயிலேறினேன்.

மழை. தட்டையான வயல், கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி, நடுவே விமானக் கொட்டகை மாதிரி சாய்வாக நின்ற ஒரு நீளக் கட்டடம். உள்ளே குளிர்ப்பெட்டிக்குள் நுழைந்தது போலிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு செயற்கைப் பனிச்சறுக்கு மேடு. ஒரு முனையிலிருந்து கத்தினால் மறுமுனையில் கேட்கும். கீழே புர்கி. வாடகைப் பலகை மாட்டிக்கொண்டு, பின்னால் வாத்துக்குஞ்சு மாதிரி குழந்தைகள். லானெக்கின் புர்கி, கூரைக்குக் கீழே! செத்துப்போய்விட்டாள் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

பாடம் முடிந்ததும் வறுத்த உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"வாயை மூடு. ஈ போகும்," என்றாள்.

"இந்தப் பனி எப்படி இருக்கு?" வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"ராத்திரி குழாயில ஊதறாங்க. காலையில சலிச்ச மாவு மாதிரி இருக்கும். நேத்தும் அதே, நாளைக்கும் அதே. உப்பு போடாத கஞ்சி."

"அப்புறம் எதுக்கு இங்க இருக்கே?"

"மேல பாரு."

பார்த்தேன். குழாய்கள், கம்பிகள், விளக்குகள்.

"விழுந்தா பல்புதான் விழும்," என்றாள். கொஞ்ச நேரம் உருளைக்கிழங்கைக் கிளறினாள். "இங்க என்னால 'பின்னாடி வாங்க'ன்னு சொல்ல முடியுது, ரோமி. ஊர்ல எனக்கு அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்னுபோச்சு. திருநாளன்னைக்கு அத்தனை பிள்ளைங்களும் என் முதுகைப் பார்த்துக்கிட்டு நிக்கும். என்ன சொல்லுவேன்?"

"வேற மலைக்குப் போகலாமே. நான் கூட வர்றேன். நார்வே, எங்க வேணும்னாலும்."

"பிறந்ததிலேருந்து தெரிஞ்ச மலையே ஏமாத்திடுச்சு. முன்னப்பின்ன தெரியாத மலையை நம்பச் சொல்றியா? போடி." சட்டென்று எழுந்து அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இனி ஒரு நிஜ மலையில் நிற்கவே மாட்டாள் என்று அன்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

ஊருக்கு வந்து சொன்னதும் வீகில் லிஃப்ட் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "கூரைக்குள்ளயா? பனிக்குக் கூரையா?" அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் ஏன் போனாள் என்று நான் சொன்னது அவன் காதில் ஏறியதா என்று தெரியவில்லை. அடுத்த திருநாளுக்கு முதல் நாற்காலியில் அவனே ஏறினான். குழந்தைகள் அவன் பின்னால் வடமுகத்தில் இறங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. மேசையில் புர்கியின் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நான் வேலை தேடி இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறை திரும்பி வந்தேன்.

மூன்றாவது வசந்தத்தில், லிஃப்டை மூடிய வாரம், என் கைபேசிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது:

"ரோமி, நார்வேல இருக்கேன். டச்சுப் பிள்ளைங்க பெரிசாயிட்டாங்க, நிஜ மலை காட்டுன்னு பிடுங்கி எடுத்துட்டாங்க. மலை கடல்லேருந்தே எழும்புது. பனி கொஞ்சம் ஈரம், ஆனா பலகையைப் பிடிச்சுக்கிட்டு விடுது, வடமுகத்தை விட நல்ல பனி. ஆமா, நான்தான் சொல்றேன், கீழ விழுந்துடாதே. இங்க கூட்டிட்டுப் போற பொண்ணு இந்த மலையடியிலேயே பிறந்தவ. அப்பவும் மண்வெட்டி எடுத்து மார்பளவு குழி வெட்டி, பனியை அடுக்கடுக்காத் தட்டிப் பார்த்தா. நடுவுல சர்க்கரை மாதிரி உதிர்ற ஒரு அடுக்கு இருந்தது, அதுக்கு மேல இருக்கிற பனி எப்ப வேணும்னாலும் சரியுமாம். 'இன்னைக்கு வேண்டாம்'னு திருப்பிட்டா. மூணு நாள் கழிச்சுத் திரும்ப வெட்டிப் பார்த்துட்டுதான் விட்டா. நான் முதல்ல இறங்கினேன், பிள்ளைங்க பின்னாடி வந்தாங்க. நம்ம வடமுகத்தில யாராவது ஒரு தடவையாவது குழி வெட்டிப் பார்த்திருக்கோமா? வெளியூர்க்காரன் வெட்டினா சிரிப்போமே. அன்னைக்கு நான் வெட்டியிருந்தா அந்தச் சர்க்கரை என் கண்ணுலயே பட்டிருக்கும். மலை ஏமாத்தல, ரோமி. இதை வீகில்கிட்ட படிச்சுக் காட்டு. கத்துவான், கத்தட்டும். அடுத்த டிசம்பர்ல பிள்ளைங்களை மேல ஏத்தறதுக்கு முன்னாடி அவன் கையில மண்வெட்டி இருக்கணும். இல்லேன்னா நானே வந்து வெட்டுவேன்."