கழுதைக்கொல்லியின் முதல் செய்தித்தாள்

முடிதிருத்துகிறவன் கையில் கத்தி இருக்கிற நேரத்தில் அவனுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பக் கூடாது. எர்மெஸுக்கு அந்த விவரமெல்லாம் போதாது. மாதம் ஒருமுறை நேவியோவின் கடைக்கு வந்து நாற்காலியில் சாய்வான், கழுத்தை நீட்டிக் கொடுப்பான், கொடுத்துவிட்டு வாயைத் திறப்பான்.

“போன ஞாயித்துக்கிழம கழுதைக்கொல்லி ஏறினதே தெரியல நேவியோ. பேசிக்கிட்டே மேல போயிட்டேன்.”

“அப்படியா, ரொம்ப சந்தோஷம்” என்பான் நேவியோ, கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே. சந்தோஷமாவது மண்ணாவது! உள்ளே பற்றி எரியும்.

கழுதைக்கொல்லி எங்கள் ஊருக்கு மேலே போகும் மலைரோடு. எங்கள் ரொமாஞ்யா வட்டாரத்தில் மேட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் அந்த மேட்டைப் பார்த்தால் நல்ல சைக்கிள்காரனும் இறங்கித் தள்ளலாமா என்று யோசிப்பான். எங்கள் சைக்கிள் சங்கம் செப்டம்பர் கடைசி ஞாயிறு போகிற பெரிய சுற்றில் ஆறு மலை ஏறி இறங்க வேண்டும். ஐந்தில் தப்பித்தவனை ஆறாவதாகக் கழுதைக்கொல்லி பார்த்துக்கொள்ளும். உச்சியில் எப்போதும் குளிர்காற்று. வேர்த்த உடம்போடு அப்படியே இறங்கினால் மறுநாள் படுக்கைதான். அதனால் மேலே போனதும் பழைய செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொள்வோம். எங்கள் சங்கத்தில் அந்தத் தாள்கட்டோடு உச்சியில் நிற்பவள் நீவெஸ், நேவியோவின் மனைவி. முதலாவதாக வருகிறவனுக்கு மட்டும் அவளே தாளைச் செருகிவிட்டு, நெஞ்சில் ரெண்டு தட்டு தட்டுவாள். மற்றவர்கள் தாள்கட்டிலிருந்து தாங்களே உருவிக்கொள்ள வேண்டியதுதான்.

இருபது வருஷமாக அந்த ரெண்டு தட்டும் நேவியோவுக்கே. வீட்டில் தினமும் பார்க்கிற பெண்டாட்டிதானே என்று கேட்காதீர்கள். வீட்டில் யார் நெஞ்சில் தட்டுகிறார்கள்? வீட்டில், குப்பையைக் கொண்டுபோய்ப் போடு என்பாள்.

அப்படி இருக்கும்போது வந்து சேர்ந்தான் எர்மெஸ். ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வுபெற்றவன், தொந்தியும் தானுமாக இருந்தவன். டாக்டர் மிரட்டியதும் நேராக நேவியோவிடம்தான் வந்தான். அவனைக் கடைக்குக் கூட்டிப்போய் சைக்கிள் பார்த்து வாங்கிக் கொடுத்ததும் நேவியோ, சீட்டின் உயரம் சரிபார்த்ததும் நேவியோ, முதல் வருஷம் பின்னாலேயே போய்த் தைரியம் சொன்னதும் நேவியோ. இரண்டாம் வருஷம் தொந்தி போனது. மூன்றாம் வருஷம் பெரிய சுற்றில் எர்மெஸ் முதலாவதாக ஏறிவிட்டான். அதற்கடுத்த வருஷமும் அவனே. நேவியோ மூச்சு வாங்க மேலே வந்து பார்த்தால், நீவெஸ் அவன் நெஞ்சில் தட்டிக்கொண்டிருக்கிறாள். ரெண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை. அப்படி என்ன சிரிப்பு?

இந்த வருஷம் அவனுக்கு ஒரு எண்ணம் வந்தது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவனுக்கு அறுபத்தோரு வயதில் எங்கிருந்து வரும் இந்தக் கால்? மோட்டார்! பிரேம் குழாய்க்குள்ளே வெளியே தெரியாமல் சின்னதாக மோட்டார் வைக்கிறார்களாமே, அதுதான். நினைத்த நிமிஷத்திலிருந்து நேவியோவுக்கு மனசு லேசாகிவிட்டது. பாவி மனுஷன், அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

பெரிய சுற்றன்று கழுதைக்கொல்லியின் அடிவாரக் காப்பிக் கடையில் எல்லோரும் நின்றோம். சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜாம் பணியாரத்துக்கு முண்டியடித்து உள்ளே போனோம். நேவியோ மட்டும், “காத்து அடிச்சிக்கிட்டு வரேன்” என்று வெளியே நின்றுகொண்டான். எங்கள் சங்கத்தில் திருகு முறுக்கும் சாவி கொண்டுவருகிறவன் அவன் ஒருவன்தான். சட்டையின் பின்பையிலிருந்து அதை எடுத்தான், எர்மெஸின் சீட் திருகைத் தளர்த்தினான், சீட்டைத் தண்டோடு உருவிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். விரலை விட்டுத் துழாவினான். மசகு. வேறு ஒன்றும் இல்லை. வெறும் குழாய்!

அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே அப்போது. திருடன் அகப்பட்டால் மகிழ்வார்கள். இவனுக்கோ திருடன் இல்லையே என்று அழுகை வந்தது.

“யோவ் நேவியோ, காத்தடிக்கிறியா, இல்ல காத்துக்கிட்டயே பேசிக்கிட்டிருக்கியா?” என்று வாசலில் சீர்யோவின் குரல் கேட்டது. சீர்யோ எங்கள் சங்கத்துத் தலைவன், ஊர்வம்புக்கும் அவனே தலைவன். நேவியோ அவசர அவசரமாகத் தண்டைப் பழைய உயரத்துக்கே இறக்கி, திருகை அரைச்சுற்று மட்டும் முறுக்கிவிட்டு நகர்ந்துவிட்டான். முழுக்க முறுக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தானாம்.

ஏற்றம் தொடங்கியது. எர்மெஸ் வழக்கம்போல முன்னால் போனான். மூன்றாவது வளைவில் நேவியோவுக்கு வித்தியாசம் தெரிந்தது. அந்த முதுகு தாழ்ந்திருந்தது, முழங்கால்கள் அகன்று நெஞ்சை இடித்தன. சீட் இறங்கிக்கொண்டே போகிறது! ஐந்தாவது வளைவில் எர்மெஸ் சீட்டில் உட்காருவதையே விட்டுவிட்டு, நின்றபடி மிதிக்க ஆரம்பித்தான். நேவியோ பக்கத்தில் வந்துவிட்டான்.

“நேவியோ, சீட் உள்ள போயிருச்சுப்பா. சாவி வச்சிருக்கியா?”

சாவி நேவியோவின் பின்பையில், முதுகில் குத்திக்கொண்டிருந்தது.

“இல்லப்பா” என்றான் நேவியோ. சொல்லிவிட்டு மிதித்தான். திரும்பியே பார்க்கவில்லை.

உச்சியில் நீவெஸ் நின்றிருந்தாள். முதலில் தன் புருஷன் வருவதைப் பார்த்து அவளுக்கு முகம் மலர்ந்தது உண்மை. “வந்துட்டியா கிழவா!” என்று தாளை மடித்தாள். அவன் ஆசையோடு தாளின் ஒரு முனையைப் பிடித்தான், அவள் உள்ளே தள்ளி ரெண்டு தட்டு தட்டினாள். இரண்டு வருஷம் ஏங்கிய தட்டு. ஆனால் தட்டிக்கொண்டே அவள் கண் ரோட்டைப் பார்த்தது.

“எர்மெஸ் எங்க? அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?”

போச்சு! தட்டினாளே ஒழிய, மனசு அங்கே இருக்கிறது.

எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு கடைசியில் வந்தான் எர்மெஸ். வளைவுக்கு வளைவு நின்றபடியே மிதித்து, ஒரு இடத்தில்கூட இறங்காமல். நாங்கள் கைதட்டிய தட்டல் கீழே ஊருக்கே கேட்டிருக்கும். “முழு ஏத்தமும் நின்னுக்கிட்டேவா? நீ மனுஷனாய்யா!” என்று சீர்யோ அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். முதலாவதாக வந்த நேவியோவை ஒரு ஆள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“இப்படியே எப்படி இறங்குவான்?” என்றாள் நீவெஸ். “நேவியோ, உன் சாவிய எடு. இடப்பக்கப் பையில இருக்கு, காலையில நான்தானே வச்சேன்.”

நேவியோ அசையவில்லை. அவளே வந்து பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள். எர்மெஸ் சாவியைப் பார்த்தான், பிறகு நேவியோவைப் பார்த்தான்.

“இல்லேன்னியே?”

நீவெஸ் தன் புருஷனின் கையைப் பிடித்துத் திருப்பினாள். முடிதிருத்துகிறவனின் கை; நகக்கண்ணில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. இன்று நடுவிரல் முழுக்கக் கறுப்பு மசகு. அவன் சட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த செய்தித்தாளின் முனையிலும் அதே கறுப்பு, விரல் விரலாக.

“என்ன செஞ்ச?”

“திறந்து பாத்தேன்” என்றான் நேவியோ. “காப்பிக் கடையில. உள்ள மோட்டார் இருக்கான்னு.”

எர்மெஸ் வாயைப் பிளந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். நியாயமாக அடித்திருக்க வேண்டும்.

“மோட்டாரா? என் சைக்கிள்லயா?”

“ஆமா.”

“என்கிட்ட மோட்டார் இருக்குன்னு... நீ நினைச்ச? நேவியோ நினைச்சான்?” எர்மெஸின் கண் கலங்கிவிட்டது. “சீர்யோ, கேட்டியாடா! நீவெஸ், கேட்டியா! நான் ஏறின ஏத்தத்தப் பாத்துட்டு நேவியோவே மோட்டார் தேடியிருக்கான்! என்னை! தொந்தியப் பிடிச்சிக்கிட்டு முனகிக்கிட்டுப் போனவனை!” அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிவந்து நேவியோவைக் கட்டிக்கொண்டு ரெண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான்.

நேவியோ குனிந்து சீட்டை உயர்த்தி முறுக்கினான். அளக்கவில்லை, கேட்கவில்லை. எர்மெஸ் ஏறி உட்கார்ந்து பார்த்தான். “நூல் பிசகலையே! எப்படிப்பா?”

“ரெண்டு வருஷமா வேற எதைப் பாத்தேன்?” என்றான் நேவியோ.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீவெஸ் சிரிக்கவில்லை. புருஷன் நெஞ்சிலிருந்து அந்தச் செய்தித்தாளை உருவி, எர்மெஸின் சட்டைக்குள் செருகி, ரெண்டு தட்டு தட்டினாள். தாள்கட்டில் வேறு தாள் மிச்சமில்லை. நேவியோ தாளில்லாமல் இறங்கினான். வளைவுக்கு வளைவு முன்னாலிருந்து எர்மெஸின் சிரிப்பு கேட்டுக்கொண்டே வந்தது.

சாயங்காலம் சதுக்கத்துக் காப்பிக் கடையில் எர்மெஸ் அந்தக் கதையை நாலாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கறுப்பு விரல் பதிந்த தாளை ஆளுக்கு ஆள் காட்டினான். சட்டம் போட்டு மாட்டப் போகிறானாம். வெளியே பெஞ்சில் நேவியோ தும்மிக்கொண்டிருந்தான். நீவெஸ் சூடான பாலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“வெக்கமா இருக்கா?”

“இருக்கு.”

“இருக்கட்டும். அவன் மேல வந்ததும் முதல்ல நான் கேக்கறது, நீ எங்க வரேன்னுதான். ‘ரெண்டு வளைவுக்குக் கீழ என்னைத் திட்டிக்கிட்டு வரான்’பான். அதுக்குத்தான் சிரிப்போம். வேற என்ன இருக்கு சிரிக்க?”

அவன் தலையாட்டினான். உள்ளே எர்மெஸ் மறுபடி ‘மோட்டார்!’ என்று மேஜையைத் தட்டினான், கடையே அதிரச் சிரித்தது. நேவியோ பாலைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தான்.

“இருபது வருஷம் நான்தானே முதல்ல ஏறினேன்?” என்றான். “ஒரு பய, ஒரே ஒரு பய, என் சைக்கிளத் திறந்து பாத்திருப்பானா நீவெஸ்?”