தேதியம்மா

வெள்ளைப் பலகையில் தேதியை அழிக்கத் தேதியம்மா டஸ்டரைத் தொடுவதில்லை. கட்டைவிரலால்தான் தேய்ப்பார். அதுவும் மாதத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும். "மாசம் இன்னும் உசுரோடதானே இருக்கு, அதை அழிப்பானேன்" என்பார். மாதமும் சேர்ந்து போகிற நாளில் விரல் நுனி முழுக்கக் கறுத்திருக்கும். அந்த விரலோடேயே மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. பட்டறையில் ஒரு வெல்டர் விளையாட்டாகக் கூப்பிட்டது ஒட்டிக்கொண்டது. ஐந்து மாடி உயரமுள்ள ஒரு சின்ன ராக்கெட்டைக் கட்டும் தனியார் கம்பெனி அது. பெரிய ராக்கெட்டுகள் ரயில் என்றால் இது மினி பஸ். டிபன் டப்பா அளவு செயற்கைக்கோள்களைக் குறைந்த கட்டணத்தில் ஏற்றிப் போய் விண்ணில் இறக்கிவிட வேண்டும். என்றைக்குக் கிளம்பும் என்று சொல்வது தேதியம்மாவின் வேலை. என்ஜின் சோதனை முடிய வேண்டும், எரிபொருள் லாரி வர வேண்டும், கடலில் படகுகளும் வானத்தில் விமானங்களும் விலக வேண்டும், காற்றும் சம்மதிக்க வேண்டும். மூன்று வருடத்தில் பதினொரு முறை தேதி குறித்தும் இவை ஒரே நாளில் கூடிவரவில்லை.

காலையில் வந்ததும் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றுவார். ஐம்பத்து மூன்று வயது. ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. எல்லாரிடமும் ஒரே கேள்வி, "எப்ப முடியும்?" சொன்ன பதிலை அப்படியே எழுதிவிட மாட்டார். பெயின்டர் ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான். மின்கம்பி இணைக்கும் பெண் ஒரு வாரம் என்றால் நான்கே நாள். பயந்த சுபாவம், கூட்டித்தான் சொல்லும். வால்வுக்காரர் "ரெண்டு நாள் போதும்க்கா" என்றால் ஆறு நாள். துடைத்ததையே திரும்பத் துடைத்துப் பார்க்கிற மனிதர் அவர். அந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்பதில் தேதியம்மாவுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வெளியூரில் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, ராக்கெட் போனதும் வருவதாகச் சொல்லியிருந்தார். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது. "நீ வர்றதுக்குள்ள அவன் மீசை வளத்துடுவாம்மா" என்றாள் மகள். பயணத்துக்கென்று கட்டிவைத்த பெட்டியிலிருந்தே கணவர் தினம் ஒரு சட்டையாக எடுத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

பன்னிரண்டாவது தேதி குறித்தாயிற்று. அந்த வாரத்தை விட்டால் காற்று திசை மாறிவிடும். பிறகு நான்கு மாதம் ஏவ முடியாது. எல்லா வேலையும் போக அட்டவணையில் மூன்று நாள் மிச்சமிருந்தது. வால்வுக்காரர் மேஜையருகே வந்து நின்றார்.

"ஆக்சிஜன் வால்வ நல்லாக் குளிர வச்சு இன்னொரு தடவ தொறந்து மூடிப் பாத்துடுறேன்க்கா. ரெண்டு நாள் குடுங்க."

தேதியம்மா மனதுக்குள் மூன்றால் பெருக்கினார். இடமில்லை என்று சொல்லி, அட்டவணையில் அந்தச் சோதனையின் வரியைப் பென்சிலால் அடித்தார்.

"இந்தத் தடவ நெசமாவே ரெண்டு நாள்தான்க்கா."

தேதியம்மா சிரித்துவிட்டார். வால்வுக்காரரும் கூடவே சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நல்ல வெயிலில், முற்பகல் பதினொன்றே காலுக்கு ராக்கெட் கிளம்பியது. பட்டறையே வெளியில் நின்று கைதட்டியது. நாற்பத்தோராவது விநாடியில் புகைக் கோடு வளைந்தது. பிறகு அது கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. கைதட்டல் சட்டென்று நிற்கவில்லை; தூரத்தில் நின்ற சிலருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

செயற்கைக்கோள் கொடுத்த ஒன்பது பேரையும் தேதியம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டார். மாணவிகளை வைத்து நான்கு வருடம் உழைத்த ஒரு கல்லூரி ஆசிரியை "பரவால்லைங்க" என்றார். அதன்பின் இணைப்பை இருவருமே துண்டிக்கவில்லை.

திரவ ஆக்சிஜனின் கடுங்குளிரில் இறுகிப்போய் வால்வு பாதியில் நின்றுவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. அடித்துவிட்ட அந்தச் சோதனையைச் செய்திருந்தால் தரையிலேயே பிடிபட்டிருக்கும். வால்வுக்காரரின் அலமாரியைத் திறந்தபோது சோதனைக்கு வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது. குழாய்கள் கழுவி மூடியிட்டிருந்தன. வேலையை மணி வாரியாகப் பிரித்து எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மொத்தம் முப்பத்தொரு மணி நேரம். இரவு பகலாகச் செய்தால் இரண்டு நாள்கூட இல்லை.

விசாரணைக் குழு முன்னால் தேதியம்மா எழுந்து நின்றார். "அவரு கேட்டாரு. நான்தான் நம்பல." குழுத் தலைவர் "கால நெருக்கடி" என்று எழுதிக்கொண்டார். சொன்னபடியே எழுதும்படி தேதியம்மா மறுபடி கேட்டார். அறிக்கையில் தனி ஆட்களைக் குறிப்பிடுகிற வழக்கம் கிடையாது என்று தன்மையாகச் சொல்லி உட்காரவைத்தார்கள்.

அவரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. இனி வால்வுகளை வெளியே வாங்கிக்கொள்வது என்று முடிவாகி, வால்வுப் பிரிவை மூடினார்கள். தேதியம்மாவிடம் பதின்மூன்றாவது தேதி கேட்டார்கள். கொடுத்தார்.

வால்வுக்காரர் கடைசி நாளன்று ஸ்பேனர்களையும் டீ குடிக்கும் கோப்பையையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தேதியம்மா வழியில் மறித்துப் பெட்டியை வாங்கிக்கொண்டார். கனமாயிருக்கிறது என்று அவர் எவ்வளவோ சொல்லியும் தரவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் இருவரும் நடந்தார்கள். நிறுத்தத்தில் வால்வுக்காரர்தான் பேச்செடுத்தார்.

"உங்க மேல ஒரு வருத்தமும் இல்லக்கா. நான் எப்பவும் லேட்டுதானே. யாரு நம்புவா?"

பஸ் வந்தது. வால்வுக்காரர் படியேறி நின்று திரும்பி, பெட்டிக்காக இரண்டு கைகளையும் நீட்டினார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். தேதியம்மா பெட்டியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.