நாலாவது ஆளுக்கு ஒரு கடிதம்

கடற்கரை ஹோட்டல் ஒன்றில் இரண்டு ராத்திரி தங்குவதற்காக எங்கள் வீட்டில் ஒன்பது நாள் யாருக்கும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. சந்தோஷமான பயணம்தான். ஆனாலும் அந்த ஒன்பது நாளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தவர்கள், இந்த வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அந்த ஆகஸ்ட் லீவில் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் ஒரே தங்கச்சி. குவைத்தில் ஒரு வீட்டில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் கடல் தெரியுமாம். மூன்று வருடமும் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தாளாம். ஒரு தடவை இறங்கிப் போய்க் காலை நனைக்க விட்டார்களா என்றால், அதுதான் இல்லை.

“பாத்துப் பாத்தே கண்ணு உப்புக் கரிச்சுப் போச்சு அண்ணி” என்றாள் அம்மாவிடம். “எல்லாரும் போறோம். ரெண்டு நாள். நான் கூட்ட மாட்டேன், நான் கழுவ மாட்டேன். வேற யாராச்சும் கூட்டட்டும், நான் கட்டில்ல உக்காந்து பாக்கப் போறேன்.”

அத்தை பேசினால் அப்படித்தான். எதிர்த்துப் பேச நமக்கு வார்த்தை மிச்சம் வைக்க மாட்டாள்.

ஹோட்டல் என்றால் எங்களுக்குப் பசறை டவுனில் ரொட்டி போடுகிற கடை. படுத்துத் தூங்குகிற ஹோட்டல் என்று ஒன்று உண்டென்பது தெரியும். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே அறை கூட்டவும் துணி துவைக்கவும் போவார்கள் என்பதும் தெரியும். அங்கே போய்ப் படுப்பது பற்றி யாரும் யோசித்ததில்லை. அறுகம்குடாவில் ஒரு ஹோட்டலை அத்தை தன் போனில் பார்த்து வைத்திருந்தாள். இரண்டு மாடி, காற்றாடி போட்ட அறை, காலைச் சாப்பாடு சேர்த்து. ரொம்பப் பெரிய இடமா என்று அப்பா பயந்து கேட்டார். “நச்சத்திரமும் இல்ல, சத்திரமும் இல்ல. நடுவுல ஒண்ணு” என்றாள் அத்தை.

போன் எடுக்க வேண்டுமென்றால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத்தான் போக வேண்டும். வேறெங்கும் சிக்னல் இல்லை. ஆகவே நாங்கள் ஹோட்டலுக்குப் பேசிய ரகசியம், கூடையோடு வரிசையில் நின்ற முப்பது பெண்களுக்கு முன்னால் நடந்தது. சனிக்கிழமை. அப்பாதான் பேச வேண்டும் என்று அத்தை போனைக் கொடுத்தாள். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்தார்.

அந்தப் பக்கம் பேசியவர் பொத்துவில்காரர். கனிவான குரல். அத்தை சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“எத்தின பேர் வாறீங்க?”

“நாலு பேருங்க. பெரியவங்க மூணு, புள்ள ஒண்ணு.”

“இப்ப சீசன், நல்ல சனம். ரூமை வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி மட்டும் வெச்சிருப்பன். அதுக்குள்ள ஒருக்கா உறுதியாச் சொல்லிடுங்க. வரக்குள்ள பெரிய ஆக்கள்ட ஐசி எல்லாத்தையும் கொண்டு வாங்க.”

அப்பா “சரிங்க, சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தார். முகம் ஒரு மாதிரியாகியிருந்தது. அம்மா வரிசையில் நின்று கூடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்துதான் இருக்கும். அம்மாவிடம் ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லை.

அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. வேறொரு தோட்டத்தில் பிறந்தவள். பிறந்ததை யாரும் போய்ப் பதிந்திருக்கவில்லை. அது இல்லாமல் அடையாள அட்டைக்குப் போட்ட விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இப்படி நிறையப் பேர் இருந்தார்கள். அதனால் எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. சிலருக்குக் கண்ணாடி இருக்கும், சிலருக்கு இருக்காது, அது போல என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. “திரும்ப ஒரு போன் போட்டு, ஒரு ஆளுக்கு ஐசி இல்ல, பரவாயில்லையான்னு கேட்டாப் போச்சு அண்ணே.”

“கேட்டா, இல்லன்னு தெரிஞ்சிரும்” என்றார் அப்பா.

அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை. கேட்பது என்பது மாட்டிக்கொள்வது. கேட்காமல், ஐசிக்குப் பதிலாகக் கடிதம் கொண்டு போவதுதான் வழி என்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை அது. சண்டைக் காலத்தில், நான் வயிற்றில் இருந்தபோது, அம்மா தன் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போயிருக்கிறாள். வழியில் எல்லோரையும் இறக்கி ஐசி பார்த்திருக்கிறார்கள். பஸ் போய்விட்டது, அம்மா போகவில்லை. அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை, ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான். தோட்டத்துத் துரையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அப்பா போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. “காலையில இருந்து அந்தியாகுற வரைக்கும் ஓசியில பெஞ்சு குடுத்தாங்க” என்று அம்மா அதைச் சொல்லுவாள். நானும் சிரிப்பேன்.

அம்மா அன்று மாலையே பின்வாங்க ஆரம்பித்தாள். கோழிக்கு யார் தீனி வைப்பது? இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கங்காணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே? இதெல்லாம் எடுபடாமல் போனதும், “எனக்குத் தண்ணின்னா ஆகாது. அவ்வளவு தண்ணிய ஒண்ணாப் பாத்தா தல சுத்தும்” என்றாள். நான் அதை அப்படியே நம்பினேன். அம்மாவுக்குக் கடல் பிடிக்காது, எங்களுக்கும் கெடுக்கப் பார்க்கிறாள் என்று இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை அப்பா தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கிளாக்கரிடம் ஒரு கடிதம் வாங்கினார். இன்னார் இந்தத் தோட்டத்தில் இத்தனை வருடமாகக் கொழுந்து பறிக்கிறார் என்று. செவ்வாய்க்கிழமை அதைக் கொண்டுபோய்க் கிராம சேவகரிடம் நீட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் சிங்களவர், நல்ல மனிதர், தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துப் பேசுவார்.

“எதுக்கு இந்தக் கடிதம்? பேங்க்கா? ஆஸ்பத்திரியா?”

“ஹோட்டலுக்குங்க சேர்.”

“ஹோட்டல்ல வேலையா?”

“இல்லீங்க. தங்க.”

கிராம சேவகர் பேனாவை மூடி வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் வேலையில் இதுவரை யாரும் இப்படி ஒரு கடிதம் கேட்டதில்லை என்றார். சிரிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “போட்டோ கொண்டு வாங்க. போட்டோ ஒட்டி, மேல சீல் அடிச்சுத் தாறேன். வியாழன் காலைல வாங்க” என்றார்.

அப்பா அத்தோடு விடவில்லை. தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் ஒன்று, கோயில் கமிட்டியிடம் ஒன்று வாங்கினார். நான் பிறந்தபோது கிளினிக்கில் கொடுத்த அம்மாவின் கார்டைத் தேடி எடுத்தார். கல்யாணப் பத்திரிகையைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார். அத்தை பார்த்துவிட்டு, “அண்ணே, இவ்வளவு காயிதம் இருந்தா என்னை அங்கேயே கட்டிக் குடுத்துரலாம்” என்றாள். அப்பா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் போன அப்பா மத்தியானமாகியும் வரவில்லை. கிராம சேவகர் திடீரென்று கூட்டத்துக்குப் பசறைக்குப் போய்விட்டாராம். அப்பாவும் பின்னாலேயே பஸ் ஏறிவிட்டார் என்று கடைக்காரர் வந்து சொன்னார். மூன்றரை மணிக்கு அத்தை என்னை இழுத்துக்கொண்டு மடுவத்துக்குப் போனாள். அங்கே சாயங்காலக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றாள்.

“என்னா புள்ள, கடலுக்குப் போறீங்களாமே? வரும்போது ஒரு போத்தல்ல அள்ளிட்டு வா, நாங்களும் பாத்துக்கிறோம்” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. வரிசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் கை கூடைக் கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அப்பாவைக் காணவில்லை. அத்தை போனைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணி, நாலு பேர்னு சொல்லவா? மூணு பேர்னு சொல்லவா?”

முப்பது பேரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தராசைப் பார்த்தாள்.

“மூணுன்னு சொல்லும்மா. நீங்க போயிட்டு வாங்க. வீடுன்னா ஒரு ஆளு வேணும்ல.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவுக்காக இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அம்மா இல்லாமல் முன்பின் தெரியாத இடத்தில் எப்படித் தூங்குவது என்ற பயம்தான். அத்தை எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகு அந்தப் பொத்துவில் குரல் வந்தது.

“எத்தின பேர் என்டீங்க?”

அத்தை, அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே, மடுவம் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். “நாலு பேர்.”

அம்மா திரும்பவில்லை. அவள் முறை வந்துவிட்டது. கூடையைத் தூக்கித் தராசில் மாட்டினாள்.

அப்பா ஆறு மணிக்கு வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. பசறையில் கூட்டம் முடியும் வரை வாசலில் நின்றிருக்கிறார். கையில் கிராம சேவகரின் கடிதம். அதில் ஸ்டூடியோவில் எடுத்த அம்மாவின் படம், அதன் கன்னத்தில் நீல சீல், கீழே கையெழுத்து. அம்மா அதை வாங்கி, “சீலு என் மூஞ்சியில பாதிய மறச்சிருச்சே. நான்தான்னு நம்புவாங்களா?” என்று கேட்டாள். வருகிறேன் என்று அவள் வாயால் சொல்லவேயில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோழிகளைப் பக்கத்துக் காம்பராவில் ஒப்படைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். பசறைக்கு இறங்கி, அங்கிருந்து மொனராகலை, பிறகு பொத்துவில் பஸ். அந்தப் பிளாஸ்டிக் உறை வழியெல்லாம் அம்மாவின் மடியில் இருந்தது. சோதனைச் சாவடிகள் எல்லாம் எடுத்துச் சில வருடம் ஆகியிருந்தது. அவை இருந்த இடங்களில் புல் முளைத்திருந்தது. ஆனாலும் பஸ் எங்கே வேகம் குறைந்தாலும் அம்மாவின் விரல் உறைக்குள் போகும். மாடு குறுக்கே வந்தால்கூட. அத்தை எனக்கு ஜன்னலைக் காட்டிக்கொண்டு வந்தாள். அப்பா அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஹோட்டல் தெருவில் ஒரே சனம். அலையில் ஏறிச் சறுக்கும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிய வெள்ளைக்காரர்கள், ஆட்டோக்கள், பழச்சாறு விற்பவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது. இன்னும் கண்ணில் படவில்லை. அம்மா கேட்டோடு நின்றுவிட்டாள். “நீங்க போய்க் காட்டுங்க. சரின்னா கூப்பிடுங்க” என்று உறையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மரத்தடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இருந்தார். வெள்ளைத் தொப்பி போட்ட நடுவயது மனிதர். அத்தையின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது ஒண்டு காணும்” என்று, வேறெதுவும் கேட்காமல் சாவியை நீட்டினார்.

ஒன்பது நாள் ஓட்டமும் அந்தச் சாவியில் முடிந்துவிட்டது. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அப்பா சாவியைத் தொடவில்லை. உறையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து மேசையில் அடுக்கினார்.

“இதையும் பாருங்க ஐயா. அவங்களுக்கு ஐசி இல்ல. ஆனா எல்லாம் இருக்கு.”

“இதெல்லாம் தேவையில்ல...” என்று ஆரம்பித்தவர், அப்பா காட்டிய திசையில் கேட்டைப் பார்த்தார். வெறுங்காலோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். மேசையில் இருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் கடிதத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். கிளினிக் கார்டையும் விடவில்லை. பின்னால் இரண்டு பேர் வந்து காத்து நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை. பிறகு பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்து எழுதினார்.

“உள்ளுக்கு வாங்கம்மா” என்று கூப்பிட்டார். “உங்கட பேரை எழுதியாச்சு.”

அம்மா வந்தாள். சாவியையோ படிக்கட்டையோ பார்க்கவில்லை. “எங்க எழுதியிருக்கீங்க?” என்று கேட்டாள். அவர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பின்னால் நின்றவர்களைக் கவனிக்கப் போனார். பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்து. அம்மா என் தோளைப் பிடித்துக் குனிந்தாள்.

“பாப்பா, இதுல நான் எது?”

எனக்கு இங்கிலீஷ் தெரியும். கூட்டிக் கூட்டி வாசித்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். ஆனால் பின்வாசல் கதவு திறந்திருந்தது. அத்தை ஏற்கெனவே அதன் வழியே இறங்கிவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் நீலமாக ஏதோ அசைந்தது. கைக்கு எட்டிய ஒரு வரியில் விரலை வைத்து, “இதுதாம்மா” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, அம்மா அந்த வரியின் கீழே தன் விரலை மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது அம்மாவுக்கு ஒருவழியாக அடையாள அட்டை கிடைத்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ரெண்டாவது. மொதல்ல என் பேரப் புஸ்தகத்துல பதிஞ்சது கடக்கரையிலதான். இவதான் காட்டுனா” என்று எல்லோரிடமும் என்னைக் காட்டிச் சொன்னாள்.

நான் காட்டியது அவள் பெயரா, அத்தையின் பெயரா, எங்களுக்கு முன்னால் வந்து தங்கிவிட்டுப் போன யாரோ ஒருவரின் பெயரா என்று எனக்குத் தெரியாது. பத்து வயதில், ஒரு பெயர் எந்த வரியில் இருந்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.