கியூபெக் சஹனில் ஆறாவது குழி

கனடாவில் இருக்கும் என் மூத்த சகோதரி ராத்தாவின் குடும்பம் ஐந்து பேரும் பழைய வேனில், பிரெஞ்சு பேசும் கியூபெக் நகரத்துக்குப் போயிருக்கிறார்கள். கடைச் சாப்பாடு விலை. சோறு ஆக்கிக் கொண்டுபோய், கோட்டை மதிலடியில் நம் வழக்கப்படி ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்டபோது, போனை மதிலில் சாய்த்துவைத்துத் தாங்களே எடுத்த படம் இன்று இலங்கையில், சாய்ந்தமருதில் இருக்கும் எனக்கு வந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஆள் ஐந்து. சோற்றில் அள்ளிய குழி ஆறு.

உடனே ராத்தாவின் கணவருக்குப் போன் எடுத்தேன். "மச்சான், ஆறாவதா ஆரு இருந்த?"

"ஒருத்தருமில்லையே. மகன்தான் வலப்பக்கம் இருந்து எனக்கு இறைச்சி தள்ளித் தந்தான்."

படத்தில் மகன் அவருக்கு நேர் எதிரே இருக்கிறான்.

பக்கத்திலிருந்த உம்மா போனை வாங்கினார். "அல்லாஹ்ட பேரால எண்டு பிஸ்மி சொல்லித்தானே தொடங்கின? சொல்லாட்டி ஷைத்தானும் கூட இருந்து தின்னும்."

அந்தப் பக்கம் மச்சான் ராத்தாவிடம், "நீங்க சொன்னீங்களா?" என்று கேட்பது கேட்டது.

இனி அவர்கள் ஒரு பகல் முழுக்க ஓடி வீடு திரும்ப வேண்டும். அந்த வேனில் சீட் ஆறு. மகன் எதிரேதான் இருந்தான் என்று நான் சொல்லவா, விடவா?