மூடிய வாய்க்கு என்ன அர்த்தம்

சீருடை தைக்கும் கம்பெனியில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். துணி வெட்டும் மேஜையில் நிற்பவள் என்பதால் மட்டுமல்ல. எதைக் கேட்டாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பதில் சொல்லிவிடுவாள். கணவன் மாரடைப்பில் போன பிறகு, மாமியாரை அவர் மகள் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னவர்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது: "அவங்க போயிட்டா நான் யாரோட சண்டை போடறது?"

சண்டைக்குக் குறைவில்லை. மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே நாள் முழுக்கப் பேசியவர், வீட்டில் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். பேச்சுக்கும் சரி, சாப்பாட்டுக்கும் சரி. மருமகள் தட்டை வைத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். இவளும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவாள். காலையில் தட்டு காலியாக இருக்கும். இருவரும் அதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள்.

பிறகு மறதி நோய் வந்தது. பெயர்கள் போயின, வழி போயிற்று, முகங்களும் போயின. கடைசியில் விழுங்குவதே மறந்துபோயிற்று. ஊட்டிய சூப் புரையேறி, நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். காய்ச்சல் இறங்கியதும் வேறு வார்டுக்கு மாற்றினார்கள். இனி குணமாக வழியில்லாதவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் வார்டு அது. அங்கே கரண்டியை நீட்டினால் மாமியார் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினார்.

கத்திரி கரண்டியைக் கீழே வைத்தாள். இது நோயா, கோபமா?

டாக்டரம்மா அவளை உட்காரவைத்துப் பேசினார். "மூக்கு வழியா குழாய் விட்டு வயித்துக்கு உணவு குடுக்கலாம். ஆனா இந்த நிலைமையில அது ஆயுசைக் கூட்டும்னு சொல்ல முடியாது. புரையேறுறதும் நின்னுடாது. இல்லன்னா குழாய் வேண்டாம், அவங்க வாங்கிக்கற அளவுக்கு மட்டும் ஊட்டலாம்."

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

"போட மாட்டேன். ஆனா அவங்க எங்கம்மா இல்லையே."

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது. அதைச் சொல்வது யார்? பாவம் பார்க்கிற மருமகளா, இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்ட மருமகளா? அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வெளியூரிலிருந்த நாத்தனார் போனிலேயே அழுதாள். "அண்ணி, எங்கம்மாவைப் பட்டினி போட்டா அனுப்பப் போறீங்க?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கத்திரி குழாய்க்குச் சம்மதித்தாள்.

அன்றைக்கே மாமியார் அதைப் பிடுங்கிப் போட்டார். மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினார். நர்ஸ் வேறு வழியில்லாமல் இரண்டு கைகளிலும் பஞ்சு வைத்த உறையை மாட்டி, மணிக்கட்டில் கட்டிவிட்டாள். மாமியார் அந்த உறைக் கையால் மூக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது.

கத்திரி தாழ்வாரத்துக்கு வந்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். "நீ கிளம்பி வா. எனக்கு ஒண்ணுமே புரியல."

அண்ணி வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை நாத்தனார் கேட்டதேயில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தாள். உறைகளைப் பார்த்ததும், "என்னம்மா, பாக்சிங்கா போகப் போற?" என்று சிரிக்கப் பார்த்தவள், பாதியில் உடைந்துபோனாள்.

அன்று முழுக்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எடுத்துடச் சொல்லலாமா அண்ணி?" என்றாள்.

"நீ சொல்லு."

"நான் எப்படிச் சொல்றது? கூடவே இருந்தது நீங்கதானே."

"பெத்தவங்க உனக்குத்தானே."

இரண்டு பேரும் சொல்லவில்லை. டாக்டரம்மா வந்து இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "எடுத்துடலாம், இல்லையா?" என்று கேட்டார். இருவர் தலையும் ஆடின.

அதன் பிறகு ஊட்டுவது மட்டும்தான். நிமிர்த்தி உட்காரவைத்து, மசித்த வாழைப்பழமோ உருகிய ஐஸ்கிரீமோ, கரண்டி நுனியில் கொஞ்சமாக. ஒரு நாள் மகள் ஊட்டியதை வாங்கிக்கொண்டு மருமகளிடம் வாயை மூடிக்கொண்டார். "பாத்தியா, இன்னும் எம்மேல கோபம்தான்," என்றாள் கத்திரி. மறுநாள் அவளிடம் ஆவென்று திறந்தார். மகள் நீட்டியதைத் துப்பினார். இதில் என்ன கணக்கு என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒரு கணக்கும் பிடிபடவில்லை. அதற்கடுத்த நாள் யாரிடமும் திறக்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்தினார்கள்.

நாத்தனார் கீழே சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம் மாமியார் போனார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது, பிறகு வரவில்லை. முகத்தில் நிம்மதி இருந்ததா என்று நாத்தனார் கேட்டதற்கு, பார்த்துக்கொண்டே இருந்தும் கத்திரிக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். முன்பு விசேஷத்துக்கு மட்டும் பேசிக்கொண்டவர்கள். வீட்டுக் கதை, ஆபீஸ் கதையெல்லாம் பேசி முடித்த பிறகு, ஏதாவது ஒரு வாரம் அவள் குரல் தணியும். "அண்ணி, நாம செஞ்சது சரிதானே?"

சில வாரம் கத்திரி, "சரிதான், போட்டுக் குழப்பிக்காதே," என்கிறாள். சில வாரம், "தெரியலம்மா," என்கிறாள். போன வாரம் அவள் பதிலே சொல்லவில்லை. நாத்தனாரும் போனை வைக்கவில்லை.